கால் போன போக்குக்கு ஆங்கிலத்தில் என்ன?

கேள்வி: இலக்கில்லாமல் நடப்பதற்கு ஆங்கிலத்தில் வாண்டர், ரோம், ஸ்ட்ரோல் என்று ஏகப்பட்ட சொற்கள். எதை எங்கே போடுவது?

பதில்: சந்தேகம் வந்தால் 'வாண்டர்' போடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது. வழுக்குவது உச்சரிப்பில்தான். முதல் எழுத்தைக் குறுக்கி 'வண்டர்' என்றால் வியப்பது என்றாகிவிடும். எழுத்தில், இரண்டாவதாக ஏ வந்தால் அலைவது, ஓ வந்தால் வியப்பது.

'ரோம்' பரந்த வெளிக்கு உரியது. காட்டில் யானை திரிவது ரோம். கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதற்கு அது பெரிய சட்டை. செல்போன் ரோமிங்கும் இந்தச் சொல்தான். 'ஸ்ட்ரோல்' நிதானமான உலாத்தல், மனசு லேசாக இருக்க வேண்டும். பசியோடு தெருத்தெருவாக அலைந்தவரை 'ஸ்ட்ரோல் செய்தார்' என்று எழுதினால் கேலியாகத் தொனிக்கும். 'ஸ்ட்ரே' என்பது வழிதவறுவது, கூட்டத்தை விட்டு விலகுவது.

எல்லாவற்றிலும் அழகானது 'மியாண்டர்'. துருக்கியில் வளைந்து நெளிந்து ஓடும் ஓர் ஆற்றுக்குப் பண்டைய கிரேக்கர் வைத்த பெயர் மையாண்ட்ரோஸ். அதிலிருந்து வந்த சொல். அந்த ஆறு இன்று பியூயுக் மெண்டரெஸ். ஆறு, பாதை, பேச்சு மூன்றுக்கும் பொருந்தும். சுற்றி வளைக்கும் பேச்சுக்கு 'ராம்பிள்' என்றும் சொல்லலாம். பிரிட்டனில் அதுவே கிராமப்புறங்களில் பொழுதுபோக்காக நெடுந்தூரம் நடப்பதையும் குறிக்கும்.

'லாய்ட்டர்' மட்டும் ஜாக்கிரதை. அது காரணமில்லாமல் ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்பது. சந்தேக வாடை அடிக்கும். 'மாலையில் பார்க்கில் லாய்ட்டர் பண்ணினேன்' என்றால் கேட்பவர் புருவம் உயரும்.