காது செய்ய விலா எதற்கு? குருத்தெலும்பு பற்றிச் சில கேள்விகள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 5 வயது. பிறவியிலேயே வலது காது மொட்டு மாதிரிதான் இருக்கிறது. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது செய்யலாம் என்கிறார்கள். பிளாஸ்டிக்கில் செய்தால் விலாவை அறுக்க வேண்டாமே?

அறுக்க வேண்டாம்தான். பிளாஸ்டிக் காதும் வைக்கிறார்கள். ஆனால் அது விறைப்பு. அதை மூடும் தோலோ மெல்லியது. சில பிள்ளைகளுக்குத் தோல் நைந்து பிளாஸ்டிக் வெளியே வந்துவிடுகிறது. விலாக் குருத்து அவன் உடம்பு, அவனோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கும் ஒரு குணம் உண்டு. மேற்பகுதி எப்போதும் இழுபட்டு இருக்கும், நடுப்பகுதி அமுங்கி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சீவினால், சீவாத பக்கம் இழுத்துத் துண்டு வில்லாக வளையும். கிப்சன், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958-லேயே இதை விளக்கிவிட்டார்கள். அதனால்தான் இரு பக்கமும் சமமாகச் சீவி, உப்புநீரில் போட்டு, வளைகிறதா என்று பார்த்த பிறகே பொருத்துவார்கள். போதிய குருத்து வளரட்டும் என்று 8, 10 வயதுவரை காத்திருக்கும் மருத்துவர்கள் உண்டு. அது தவறில்லை. காது கேட்கும் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அம்மா.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை ஊழியர்: தோலிலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம், குருத்திலும் கொலாஜன். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நீங்கள் பதனிடும் தோலில் முதல் வகைக் கொலாஜன். மூட்டுக் குருத்தில் இரண்டாம் வகை. அதைவிடப் பெரிய வித்தியாசம் தண்ணீர். மூட்டுக் குருத்தின் எடையில் ஏறக்குறைய 65 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். நாரிழைகளுக்கு நடுவே இருக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற, சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆட்டுக்கால் வாங்கும்போது மூட்டின் வெள்ளைப் பளபளப்பை நகத்தால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். தடம் விழும். உப்புநீரில் போட்டுவையுங்கள், மெல்ல நிமிரும். வெளியேறிய தண்ணீர் திரும்புகிறது.

காட்பாடி: முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டது. செல் வைத்தால் வளருமா?

உங்கள் மூட்டுக் குருத்துச் செல்லையே எடுத்து, வளர்த்து, திரும்ப வைப்பார்கள். 1994-ல் ஸ்வீடன் மருத்துவர்கள் வெளியிட்ட முறை அது. இளவயதில் அடிபட்டு விழுந்த சிறு குழிக்குப் பொருந்தும். மூட்டு முழுக்கத் தேய்ந்திருந்தால் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆரணி, பொறியியல் மாணவி: குருத்துக்கு மாற்றாக ஹைட்ரோஜெல் (தண்ணீர் நிறைந்த ஜெல்) செய்கிறேன். அதன் அமுக்கக் கெட்டித்தன்மை 0.8 மெகாபாஸ்கல். மூட்டுக் குருத்துக்கும் ஏறக்குறைய அதுதானே?

சரி, நல்ல தொடக்கம். ஆனால் அது மெதுவாக அழுத்தி, தண்ணீர் வடிந்து அடங்கிய பிறகு வரும் எண். நாம் படியில் குதிக்கும்போது தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. சுமையைத் தண்ணீரே தாங்கும், குருத்து பல மடங்கு கெட்டியாகும். உங்கள் ஜெல்லை வேகமாகவும் அழுத்துங்கள். இழுத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான முறை அழுத்தி எடுங்கள். அப்புறம், பக்கத்துக் குருத்தோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். பல நல்ல ஜெல்கள் அந்த விளிம்பில்தான் பிய்ந்துபோகின்றன.