கருப்பனுக்கும் சேர்த்து ஒரு வீடு

கேள்வி: கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன். அலுவலகம் கிண்டியில். நான், மனைவி, நான்கு வயது சிப்பிப்பாறை நாய் கருப்பன். இரண்டு வாரமாக சனி, ஞாயிறுகளில் அலைந்தும் வீடு அமையவில்லை. நாய் என்றதுமே கதவைச் சாத்துகிறார்கள். புரோக்கர், "இப்ப எதுவும் சொல்ல வேணாம் சார், குடி வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். செய்யலாமா? நாய் வைத்திருப்பவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று சட்டமே இருப்பதாக நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: புரோக்கர் பேச்சைக் கேட்காதீர்கள். கமிஷன் கைக்கு வந்ததும் அவர் வேலை முடிந்துவிடும்; உங்கள் தலைவலி அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். சிலிண்டர் போட வருகிறவரைப் பார்த்துக் கருப்பன் ஒரு தடவை குரைத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். குடிபோன மூன்றாம் மாதம் நாயோடு என் கால்நடை கிளினிக்குக்கு வந்து, "இவனை யாராவது நல்லா வச்சுக்குறவங்க இருந்தா சொல்லுங்க டாக்டர்" என்று கண் கலங்க நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேராவது சொல்லாமல் குடிபோனவர்கள்தான்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. 2015-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. செல்லப் பிராணி வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் விதி போட முடியாது, பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்கிறது அது. கவனியுங்கள், இதெல்லாம் சங்கத்துக்கு. தன் சொந்த வீட்டை நாயோடு வாடகைக்கு விட மாட்டேன் என்பவரை இதைக் காட்டி மடக்க முடியாது. ஃபிளாட் உரிமையாளர் சம்மதித்து, அசோசியேஷன் செயலாளர் முரண்டு பிடித்தால் மட்டும் அந்தத் தாளை வெளியே எடுங்கள். வீடு பார்க்கப் போகும்போதே சட்டம் பேசினால் கிடைக்கிற வீடும் கிடைக்காது.

ஆகவே பேச வேண்டியது வீட்டுக்காரரிடம். அவர் "நாய் வேண்டாம்" என்று சொன்னால், ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். ஆளுக்கொரு காரணம் இருக்கும். சென்னையில் நான் அதிகம் கேட்டது கறி. சைவக் குடும்பத்தார் வீட்டில் நாய்க்குக் கறி வேகவைப்பீர்களோ என்ற பயத்தை வெளியே சொல்லாமல், "நாய் ஒத்துவராது" என்று முடித்துவிடுவார்கள். உலர் தீவனமும் தயிர்சாதமும் முட்டையும் போதும் என்றால் அதைச் சொல்லுங்கள். முட்டையும் கூடாது என்பவரிடம் மல்லுக்கட்டாமல் அடுத்த வீட்டைப் பாருங்கள். இன்னொருவருக்குப் பேரக் குழந்தையைக் கடித்துவிடுமோ என்ற கவலை. வேறொருவருக்கு மொட்டை மாடியை அசிங்கம் செய்யும் என்ற கவலை. முடி உதிரும், நாற்றம் அடிக்கும் என்பவர்கள் பெரும்பாலும் லாப்ரடாரை மனதில் வைத்துப் பேசுகிறவர்கள். சிப்பிப்பாறைக்குக் குட்டை முடி. உதிர்வதும் குறைவு, வாடையும் குறைவு. இது உங்களுக்குச் சாதகம், விட்டுவிடாதீர்கள்.

முடிந்தால் கருப்பனை நேரில் காட்டுங்கள். முதல் சந்திப்பில் வேண்டாம். கொஞ்சம் மனம் இளகிய பிறகு. காலையில் நன்றாக ஓடவிட்டு, களைத்த நாயாகக் கூட்டிப்போங்கள். திண்ணையில் பத்து நிமிடம் காலடியில் சுருண்டு படுத்திருக்கும் நாய், நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட நன்றாகப் பேசும். தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.

எங்கே தேடுவது? கிண்டிக்கு மின்சார ரயில் இருப்பதால் தாம்பரம் பக்கம் போகத் தயங்காதீர்கள். சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் இன்னும் தனி வீடுகள் உண்டு. நாய் வைத்திருப்பவருக்குத் தரைத்தளம்தான் வசதி, ஆனால் சென்னையில் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. முடிச்சூரில் 2015-லும், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டுக்காரரைக் கேட்டால், "இங்கெல்லாம் வராது" என்பார். தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள், சுவரில் எதுவரை வந்தது என்று கையை வைத்தே காட்டுவார்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு நடை நடந்து பாருங்கள். தெருநாய்கள் எத்தனை, வாசலுக்கு நேரே படுக்கின்றனவா என்பது பகலில் தெரியாது. கருப்பன் அவற்றுக்கு அந்நியன். தினம் இரண்டு வேளை அவற்றைத் தாண்டித்தான் நீங்கள் நடக்க வேண்டும். "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு தொங்கும் வீடுகள் பக்கத்தில் இருந்தால் அங்கே விசாரியுங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு, வீடு தரக்கூடிய இன்னொரு நாய்ப் பிரியரைத் தெரிந்திருக்கும்.

வீடு அமைந்ததும் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அதிலேயே, "வாடகைதாரர் ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார்" என்று ஒரு வரி சேருங்கள். நாய்க்காகக் கூடுதல் அட்வான்ஸ் கேட்டால், என் யோசனை வேறு: கதவு, கொசுவலையில் கீறல் விழுந்தால் பழுது பார்த்த பில் தொகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள். சாவி வாங்கும் அன்றே எல்லாக் கதவுகளையும் வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய கீறல்களுக்கெல்லாம் கருப்பன் ஏன் பழி சுமக்க வேண்டும்?

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று அவசியம், மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) கேட்கிறார்கள். கோவில்பட்டியிலேயே தடுப்பூசியைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள். சேலையூர், பெருங்களத்தூர் என்றால் அது தாம்பரம் மாநகராட்சி, அங்கே விசாரியுங்கள்.

அப்புறம் பயணம். ரயிலில் உங்களோடு கூட்டிவர ஏசி முதல் வகுப்பு மட்டும்தான், அதுவும் கூபே எனும் இருவர் அறையையோ கேபின் எனும் நால்வர் அறையையோ முழுதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வேனில் உள்ள நாய்ப்பெட்டி. வெயில் காலத்தில் அந்தப் பெட்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். காரில் இரவில் கிளம்பி, வழியில் நாலைந்து இடத்தில் நிறுத்தி வருவது நல்லது. கிளம்புவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள்.

வந்தபின் முதல் பத்து நாள்தான் முக்கியம். அவன் படுக்கும் பழைய சாக்கையோ போர்வையையோ துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து போடுங்கள். தெரிந்த வாசனை அது ஒன்றுதான் இருக்கும். சங்கிலி இல்லாமல் ஒரு நிமிடம்கூட வெளியே விடாதீர்கள். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனம். ஒரு பூனை குறுக்கே ஓடினால் நான்கு தெரு தாண்டித்தான் நிற்பான், திரும்பும் வழியும் தெரியாது. கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

புகார் வருவது பெரும்பாலும் நீங்கள் வீட்டில் இல்லாதபோது அவன் போடும் ஊளையால்தான். நீங்கள் இருவரும் முதல் திங்கட்கிழமையே ஒன்பது மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் அவன் ஊளையிடாமல் என்ன செய்வான்? ஒருவராவது சில நாள் விடுப்பு எடுங்கள். ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், அப்புறம் கால் மணி, அப்புறம் ஒரு மணி நேரம். வரும்போதும் போகும்போதும் கொஞ்சாதீர்கள். பக்கத்து வீட்டில் உங்கள் நம்பரைக் கொடுத்து, "ரொம்பக் கத்தினா எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவையுங்கள். அப்போது புகார் வீட்டுக்காரரிடம் போவதற்கு முன் உங்களிடம் வரும்.