பனிக்காலம் முழுக்க வெளியில் நிற்கும் மோட்டார் ஹோம்

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோவின் பாரி நகரில் இருக்கிறோம். இந்தக் கோடையில் பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) ஒன்று வாங்கினோம். கூரையுள்ள இடம் கிடைக்கவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டு வாசலில்தான் நிற்கும். உள்ளே சின்ன மின்சார ஹீட்டர் வைத்து, வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டால் போதுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஹீட்டர் சூடாக்குவது நீங்கள் உட்காரும் இடத்தைத்தான். குழாய்கள் தரைக்கடியிலும் சுவருக்குப் பின்னாலும் ஓடுகின்றன. அந்தச் சூடு அங்கே போய்ச் சேராது. ஆளில்லாத வண்டியில் இரவு பகலாக ஹீட்டர் எரிவது ஆபத்து. பனிப்புயலில் ஒரு ராத்திரி கரண்ட் போனால் அத்தனையும் வீண்.

பாரியில் மைனஸ் 25 டிகிரி புதிதல்ல. ஆனால் வெறும் குளிர் வண்டியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. உள்ளே தங்கிய தண்ணீர்தான் வேலையைக் காட்டும். உறையும்போது தண்ணீரின் கனஅளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். பம்ப், குழாய் இணைப்பு, டாய்லெட் வால்வு எல்லாம் விரிசல் விடும். அது தெரியவருவது ஏப்ரலில், தண்ணீர் நிரப்பும் அன்றைக்கு.

நல்ல தண்ணீர்த் தொட்டி, இரண்டு கழிவுத் தொட்டிகள் மூன்றையும் காலி செய்யுங்கள். வாட்டர் ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே அதன் அடைப்பானைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் கையில் பீச்சும். வண்டிக்கடியில் இருக்கும் வடிகுழாய்களையும் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஆர்வி கடைகளில், அதாவது இந்த மாதிரி வண்டிகளுக்கான கடைகளில், கிடைக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்). புரொப்பிலீன் கிளைக்கால் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிநீர்க் குழாய் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதலில் வாட்டர் ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். மறந்தால் 6 கேலன் தொட்டி அத்தனையையும் குடித்துவிடும். பம்பின் உறிஞ்சு குழாயை ஆன்டிஃப்ரீஸ் கேனில் விட்டு, ஒவ்வொரு குழாயிலும் சுடுதண்ணீர்ப் பக்கம், குளிர்தண்ணீர்ப் பக்கம் இரண்டிலும் நல்ல இளஞ்சிவப்பாக வரும்வரை ஓடவிடுங்கள். வெளிப்புற ஷவரைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். கழிவுக் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பழைய தண்ணீர் மிச்சமிருந்தால் ஆன்டிஃப்ரீஸ் நீர்த்துப்போய் வலுவிழக்கும். அதனால்தான் முதலில் வடிக்கச் சொன்னேன்.

சரி, எஞ்சின். குளிரில் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் சேரும் ஈரம் காயாமல் அங்கேயே தங்கும். அதைவிட, தொட்டி நிறைய எரிபொருள் நிரப்பி, அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஜெனரேட்டரையும் அந்த எரிபொருளில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். டீசல் வண்டியானால் குளிர்கால டீசல்தான்; கோடை டீசல் மெழுகாகிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு வைத்தால் உறைந்து பிடித்துக்கொள்ளலாம், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

பேட்டரி இரண்டு வகை இருக்கும், எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று. முழு சார்ஜில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கும். இறங்கிப்போனது மைனஸ் பத்துக்கு முன்பே உறையலாம். எல்லாவற்றையும் அணைத்திருந்தாலும் கேஸ் டிடெக்டர் போன்றவை சத்தமில்லாமல் மின்சாரம் இழுக்கும். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அவ்வப்போது சார்ஜ் செய்வது உத்தமம். லித்தியம் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

மூட வேண்டுமென்றால் காற்றோடும் துணி உறை வாங்குங்கள். நீலத் தார்ப்பாய் காற்றில் அடித்து அடித்துப் பெயின்டை உரித்துவிடும், ஈரத்தையும் உள்ளேயே பிடித்துவைக்கும். அதற்குமுன் கூரையில் ஏறி, இணைப்புகளை அடைக்கும் பசையான சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள்.

சுண்டெலிக்கு பென்சில் நுழையும் ஓட்டை போதும். குழாயும் வயரும் உள்ளே வரும் இடங்களில் ஸ்டீல் வூல் (மெல்லிய எஃகு நார்) திணியுங்கள். சாப்பாட்டுப் பொருள் ஒன்றும் விடாதீர்கள். புரொப்பேன் கேஸ் வால்வை மூடுங்கள்.

வீட்டு வாசலில் இத்தனை மாதம் நிறுத்த நகராட்சி விதி அனுமதிக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டைச் சேமிப்புக்காலத்துக்குக் குறைப்பதானால், தீ, திருட்டுக்கான பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.