நோட்பேட்++-ல் எஃப் கீகளை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

கேட்டவர் நோட்பேட்++-ல் (விண்டோஸில் வெறும் எழுத்தை அடித்துத் திருத்தும் மென்பொருள்) எஃப்5 அழுத்தியதும் ஏதோ ‘ரன்’ பெட்டி வருகிறது, அந்த வரிசைக் கீகளில் நமக்கு வேண்டியதை வைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. நான் சத்துவாச்சாரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, அஃபிடவிட், ஒப்பந்தம் என்று நாள் முழுக்க அதே வரிகள். எஃப் கீ இல்லாமல் என் கை ஓடாது.

முதலில் எது காலி என்று பாருங்கள். எஃப்1 ‘அபவுட்’ பெட்டி, எஃப்2 அடுத்த புக்மார்க், எஃப்3 அடுத்ததைத் தேடு, எஃப்11 முழுத்திரை. எஃப்10-ஐத் தொடாதீர்கள், அது விண்டோஸில் மேலே உள்ள மெனு வரிசைக்குப் போகும் கீ. ஒன்றும் ஒட்டாமல் இருப்பவை எஃப்6, எஃப்9. கன்ட்ரோல், ஷிஃப்ட் சேர்த்தால் இன்னும் நிறைய கிடைக்கும்.

மேக்ரோ என்றால் நாம் செய்த வேலையைப் பதிந்துவைத்து, ஒரே கீயில் திரும்பச் செய்யவைப்பது. மேக்ரோ மெனுவில் ‘ஸ்டார்ட் ரெக்கார்டிங்’ கொடுத்து, வேலையைக் கீபோர்டிலேயே ஒரு தடவை செய்யுங்கள். மவுஸில் கிளிக் செய்வது பதிவாகாது. வரி முனைக்குப் போக ஹோம், எண்ட் கீகள்தான். நிறுத்தியதும் ‘சேவ் கரன்ட் ரெக்கார்டட் மேக்ரோ’ கொடுத்தால் பெயரும் கீயும் கேட்கும். பின்னால் மாற்றவேண்டுமானால் செட்டிங்ஸ் மெனுவில் ஷார்ட்கட் மேப்பர், அதில் மேக்ரோஸ் டேப். கீ வேறெதனோடாவது மோதினால் கீழ்ப்பகுதியில் சொல்லிவிடும். அந்த வரியைப் படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

என் எஃப்6 ரொம்ப சாதாரணம். வாட்ஸ்அப்பில் வருகிற மேட்டரில் இரட்டை இடைவெளியை ஒற்றையாக்கும், வரிக் கடைசியில் தொங்கும் இடைவெளிகளை நறுக்கும். பிறகுதான் வேர்டுக்கு எடுத்துப்போவேன். (தொங்கல் இடைவெளியை நறுக்கி சேவ் செய்யும் மேக்ரோ ஒன்று நோட்பேட்++-லேயே தயாராக இருக்கிறது: ஆல்ட், ஷிஃப்ட், எஸ். பலருக்குத் தெரியாது.)

எஃப்9-ல்தான் பட்டேன். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. என்னிடம் இருந்த பழைய வாலாஜா, ஆற்காடு மாதிரிப் படிவங்கள் எல்லாவற்றிலும் ‘வேலூர் மாவட்டம்’. ஒவ்வொன்றாகத் திருத்த சோம்பல்பட்டு, ‘வேலூர் மாவட்டம்’ இருந்தால் ‘இராணிப்பேட்டை மாவட்டம்’ ஆக்கு என்று ரீபிளேஸ் ஆல் பதிவு செய்து எஃப்9-ல் வைத்தேன். பத்து நாள் சொர்க்கம்.

ஒருநாள் காட்பாடிக்காரர் ஒருவருக்கு அஃபிடவிட். பூஜ்யம் அடிக்கப் போன விரல் மேலே ஏறி எஃப்9-ஐத் தொட்டிருக்கிறது. திரையில் எதுவும் அசைந்த மாதிரி இல்லை. பழக்க தோஷத்தில் கன்ட்ரோல் எஸ், முத்திரைத்தாளில் பிரிண்ட். அவர் வாசலில் நின்று படித்துப் பார்த்துவிட்டு, “இன்னா சார், காட்பாடிய எப்ப இராணிப்பேட்டைல சேத்தாங்க?” என்றார். ‘காட்பாடி வட்டம், இராணிப்பேட்டை மாவட்டம்’. முத்திரைத்தாள் காசு என் கையிலிருந்து போனது. அவர் சிரித்தது வேறு.

மேக்ரோவைத் தூக்கிப்போடவில்லை, தேடும் சொல்லை நீட்டினேன். ‘வாலாஜா வட்டம், வேலூர் மாவட்டம்’ என்று முழுச்சரமாக இருந்தால்தான் மாறும். ஆற்காடு, அரக்கோணத்துக்குத் தனித்தனிப் பதிவு. கீயையும் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 ஆக்கிவிட்டேன், மூன்று விரல் தப்பித் தவறி ஒன்றாகப் படாது. இன்னொன்று: பதிவு செய்யும்போது ‘ரேப் அரவுண்ட்’ டிக் இருக்கிறதா பாருங்கள். அந்த டிக்கும் சேர்ந்தே பதிவாகும். இல்லையென்றால் கர்சருக்குக் கீழே உள்ளது மட்டும் மாறி, மேலே பழைய மாவட்டம் அப்படியே நிற்கும். பாதி மாறிய மனு, மாறாத மனுவைவிட மோசம்.

லேப்டாப்பாக இருந்து, எஃப்6 அழுத்தினால் சவுண்ட் ஏறுகிறது, வெளிச்சம் குறைகிறது என்றால் கோளாறு நோட்பேட்++-ல் இல்லை. எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால், எஃப்என் தொடாமலே எஃப் கீகள் எஃப் கீகளாகவே வேலை செய்யும்படி பூட்டிக்கொள்ளும். சிலவற்றில் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய் மாற்றவேண்டும்.

எல்லா மேக்ரோவும் ‘ஷார்ட்கட்ஸ்’ என்ற ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கும். வழக்கமாக ஆப்டேட்டா, ரோமிங் உள்ளே நோட்பேட்++ ஃபோல்டரில். பென்டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். கையால் திருத்துவதென்றால் நோட்பேட்++-ஐ மூடிவிட்டு விண்டோஸின் சாதா நோட்பேடில் திறங்கள். கடையின் இரண்டாவது சிஸ்டத்துக்கு அப்படித்தான் காப்பி போட்டேன். அங்கே உட்காரும் பெண் அடையாளத்துக்கு எஃப்6 மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். எஃப்9 மேல் எதுவும் இல்லை.