வேரோடு எடுங்கள்: ஐப்பசிக் காளான் கேள்வி பதில்

மழை விட்டதும் காளான் தேடிக் குறிப்பெடுக்கும் நம் காரைக்குடி வட்டாரத்து நண்பர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை.

கோட்டையூர்: ஆச்சி, தோட்டத்துப் புல்லில் வட்டமாக வெள்ளைக் குடைகள். படம் அனுப்பியிருக்கிறேன். சமைக்கலாமா?

வேண்டாம் தம்பி. மேலிருந்து எடுத்த படம் எதையும் சொல்லாது. ஒரு குடையைக் காம்பு நீக்கி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளர் மூடி இரவு முழுவதும் வையுங்கள். தாளில் பச்சைத் தூள் படிந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்ற நச்சுக் காளான். இளசில் அடிமடல், அதாவது குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள், வெள்ளையாக இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

புதுவயல்: பூண்டு போட்டுக் கொதிக்க வைத்தேன், கறுக்கவில்லை. விஷமில்லைதானே?

பூண்டு, வெள்ளிக்காசு, பூச்சி கடித்த தழும்பு எதுவும் சோதனையே அல்ல. அமானிட்டா என்ற காளான் இனத்தில் கொடியவற்றின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. உண்டு 6 முதல் 24 மணி நேரம் வரை எதுவும் தெரியாமல் இருந்து, பிறகு கல்லீரலைத் தாக்கும். தயவுசெய்து அதைக் கொட்டிவிடுங்கள்.

தேவகோட்டை: கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக் காளானை எப்படி உறுதி செய்வது?

குடையின் நடுவில் கூரான முனை, இளஞ்சிவப்புத் தூள், மண்ணுக்குள் நீண்டு இறங்கும் வேர் போன்ற காம்பு. மூன்றும் சேர வேண்டும். பிடுங்கினால் அந்த வேர் அறுந்துவிடும். கத்தியால் மண்ணை விலக்கி முழுதாக எடுங்கள்.

பள்ளத்தூர்: பால் ஊற்றிக் கும்பிடும் புற்றைத் தோண்டச் சொல்கிறீர்களே ஆச்சி, இது சரியா?

கும்பிடும் புற்றில் கை வைக்க நான் ஒருநாளும் சொன்னதில்லை. கண்மாய்க்கரையிலும் முந்திரித் தோப்பிலும் மேடே தெரியாத தரையிலிருந்தும் இது முளைக்கிறது. அங்கே ஒன்றை மட்டும் எடுத்து, குழியை மூடுங்கள்.

தேவகோட்டை: ஒன்றை எடுத்தாலும் அடுத்த ஆண்டு வராது என்கிறார் என் மாமனார்.

குடை என்பது மாங்காய் மாதிரி; மரம் உள்ளே இருக்கிறது. கறையான்கள் மண்ணுக்கடியில் கூடு கட்டி, தின்ற மக்கிய இலையையும் கட்டையையும் எருவாக்கி, இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. 1942இல் பிரெஞ்சுக் காளான் ஆய்வாளர் ரோஜே எம் (Roger Heim) இதற்கு டெர்மிடோமைசிஸ், அதாவது கறையான் காளான், என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் கூட்டையே வெட்டிப் புரட்டினால் உங்கள் மாமனார் சொன்னது பலித்துவிடும். அவர் கவலை நியாயமானது. அதனால் காம்பு இறங்கும் வழியில் மட்டும் கத்தி போகட்டும்.

பள்ளத்தூர்: அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். பாம்பு?

குச்சியால் தட்டிப் பார்க்காமல் கையை விடாதீர்கள்.

கண்டனூர்: தென்னை அடிமரத்தில் பலகை போல் ஒரு காளான்.

தென்னையைத் தாக்கும் கனோடெர்மா என்ற பூஞ்சையாக இருக்கலாம். தஞ்சாவூர் வாடல் நோய் அதனால் வருவதுதான். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா என்று பார்த்து, வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

திருப்பத்தூர்: சிப்பிக் காளான் விதை எங்கே கிடைக்கும்?

வளர்ப்பு என் துறை அல்ல. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

செட்டிநாடு: படம் பார்த்துச் சொல்லுங்கள், சாப்பிடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கானாடுகாத்தான்: இதுவும் படம்தான் ஆச்சி, சாப்பிடலாமா?

நான் யாருக்கும் படத்தைப் பார்த்துச் சாப்பிடச் சொல்ல மாட்டேன். அடிமடல், காம்பின் அடி, பக்கத்து மரம், தேதி, தூளின் நிறம் ஆகிய ஐந்தையும் அனுப்புங்கள். பெயர் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றுகிறேன்.