மெதுவாக வாசியுங்கள்: வேத வாசிப்பு பற்றிய கேள்வி பதில்

வேதத்தையும் கிறிஸ்தவப் புத்தகங்களையும் வாசிப்பதில் உள்ள சந்தேகங்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முப்பது வருடமாக ஒரு சிறிய வேத ஆராய்ச்சிக் குழுவை நடத்தி வருகிறேன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தக் குழுவில் நான் கற்றுக்கொண்டது. வசனங்களை, சபைகளில் நெடுங்காலமாக வாசித்துவரும் தமிழ் வேத மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுபோகிறது. நான்கு வருடமாக இப்படித்தான். என்ன செய்வது?

தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு மூன்று அதிகாரம் என்றால் ஆதியாகமத்தின் 50, யாத்திராகமத்தின் 40 இரண்டும் முப்பது நாளில் முடிந்துவிடும். புது வருட உற்சாகம் வடியும் நேரத்தில் பலி முறைகளும் தோல்நோய்ச் சட்டங்களும் எதிரே வந்து நிற்கின்றன. இதனால் உங்கள் பக்தியில் குறை என்று நினைக்காதீர்கள். வழிகாட்டி இல்லாமல் அடர்ந்த காட்டுக்குள் போனால் யாரும் தடுமாறத்தான் செய்வார்கள்.

1,189 அதிகாரங்களையும் ஒரே வருடத்தில் முடிக்கவேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. ராபர்ட் மக்செய்ன் என்ற ஸ்காட்லாந்து போதகர் 1842-இல் தம் சபையாருக்காக ஒரு வாசிப்பு அட்டவணை எழுதினார். நாளுக்கு நான்கு அதிகாரம். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரு முறை. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் இது வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதிக்கு இடம் கொடுக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம் என்று அட்டவணையோடு சேர்த்தே அவர் எச்சரித்தார். அட்டவணையைக் கையில் எடுக்கிறவர்கள் அந்த எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ளவேண்டும்.

லேவியராகமத்துக்கு வேறு வாசல் வழியாக வாருங்கள். முதலில் 19-ஆம் அதிகாரம். வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அதை வாசித்த கையோடு ரூத் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோவாபியப் பெண் ஒருத்தி போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வயலில் இடமில்லை. அவளுடைய வம்சத்தில்தான் தாவீது வருகிறார். மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றில் அவள் பெயரே இருக்கிறது. அதன்பின் லேவியராகமம் 16-ஐ எபிரெயர் 9-ஓடு சேர்த்து வாசியுங்கள். மற்ற அதிகாரங்கள் காத்திருக்கும்.

கேள்வி: தினமும் வாசிக்கிறேன். ஆனால் மத்தியானம் யாராவது கேட்டால் காலையில் வாசித்தது என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

வாய்விட்டு வாசிக்கிறீர்களா? முதல் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வருகிறது. தியானம் என்றதும் கண்ணை மூடி மௌனமாக உட்காருவது நம் மனதில் தோன்றும். அங்கே உள்ள எபிரெயச் சொல் 'ஹாகா'. முணுமுணுத்தல் என்று அதற்கு அர்த்தம். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (ஏசாயா 31:4), புறா புலம்புவதற்கும் (ஏசாயா 38:14) அதே சொல்தான். தொண்டையில் ஒலி எழவேண்டிய வேலை அது.

ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்போம். மாற்கு 4:35 முதல் 41 வரை, ஏழே வசனங்கள். புயலை இயேசு அமர்த்திய சம்பவம். எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்த கதையில்தான் கண் வழுக்கிக்கொண்டு போகும். மெதுவாக வாசித்தால் 36-ஆம் வசனத்தில் வேறு படவுகளும் கூடவே போனது தெரியும். 38-ஆம் வசனத்தில் அவர் "தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்." அந்தத் தலையணை மத்தேயுவில் இல்லை, லூக்காவிலும் இல்லை. மாற்கு மட்டும் அதைக் குறித்து வைத்திருக்கிறார். தண்ணீர் படவை நிரப்பிக்கொண்டிருக்கிறது, அவர் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார். அவ்வளவு களைப்பு.

இன்னும் கீழே போங்கள். "மிகவும் பயந்து" என்ற சொற்கள் எங்கே வருகின்றன? காற்று அடித்தபோது அல்ல, அமைதல் உண்டான பிறகு! படவில் கூட இருப்பவர் யார் என்ற கேள்வி புயலைவிட அவர்களை அதிகமாக உலுக்கியது. எங்கள் குழுவில் ஒரு சகோதரி இதைக் கண்டுபிடித்துச் சொன்ன நாளில் நாங்கள் மேற்கொண்டு வாசிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் அந்தச் சொல்லிலேயே நின்றோம்.

இப்படி ஒரு சொல் உங்களைப் பிடித்து நிறுத்தினால் மத்தியானம் மறக்காது. மறந்தாலும் மறுநாள் அதே பகுதிக்கே திரும்புங்கள். ஒரே பகுதியை ஒரு வாரம் வாசிப்பதில் தவறே இல்லை.

கேள்வி: பழைய திருப்புதல் புரியவில்லை. புதிய மொழிபெயர்ப்பை வாசித்தால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எதை வாசிப்பது?

இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மகளே. பழைய திருப்புதல் 1871-இல் வந்தது. அதன் ஓசை எனக்கு உயிர். சங்கீதங்களை வேறொன்றில் என்னால் ஜெபிக்க முடிவதில்லை. ஆனால் நூற்றைம்பது வருடத்தில் சொற்கள் நகர்ந்துவிட்டன. "உமது கற்பனைகள்" என்று 119-ஆம் சங்கீதத்தில் வாசிக்கும் இளைஞனுக்கு என்ன தோன்றும்? அங்கே கற்பனை என்றால் கட்டளை. 'பரதேசி' இன்று வசைச்சொல். வேதத்தில் அது அந்நிய தேசத்திலிருந்து வந்து தங்கியிருப்பவன். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்று 1 பேதுரு 5:7 சொல்கிறது. விசாரணை என்றதும் இன்று காவல் நிலையம் நினைவுக்கு வரும். பேதுரு சொல்வதோ, உங்கள்மேல் அக்கறை உள்ளவர், உங்களைப் பார்த்துக்கொள்கிறவர் என்று.

கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-இல் வந்தது. புரியாத இடத்தில் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் ஒன்றை அன்போடு சொல்லலாம்: பழைய திருப்புதலும் ஒரு காலத்தில் புதிய மொழிபெயர்ப்பாகத்தான் இருந்தது. தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு சீகன்பால்கு மொழிபெயர்த்தது. அது 1715-இல் தரங்கம்பாடியில் முடிந்தது. அதற்குப் பின் எத்தனையோ கைகள் திருத்தித்தான் இன்றைய வேதாகமம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: ஒலிவடிவில் கேட்டால் அது வேத வாசிப்பாகுமா?

ஆகும். "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17-இல் இருக்கிறதே. முதல் நூற்றாண்டுச் சபையில் பெரும்பாலோர் நிருபங்களைக் காதால் கேட்டவர்கள்தான். வேறு வேலை செய்துகொண்டே கேட்பது மட்டும் போதாது. ஒரு பகுதியையாவது சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்குத் தியானப் புத்தகங்கள் வாசிக்க மிகவும் பிடிக்கும். வேதத்தைவிட அதிகமாக வாசிக்கிறேன் என்று சமீபத்தில் உணர்ந்தேன். புத்தகங்களை நிறுத்திவிடவா?

நிறுத்தவேண்டாம். பவுல் சிறையில், மரணம் நெருங்கிவிட்டது என்று தெரிந்த நிலையில், தீமோத்தேயுவிடம் கேட்ட பொருட்களைப் பாருங்கள்: ஒரு மேலங்கி, புஸ்தகங்கள், "விசேஷமாய்த் தோற்சுருள்கள்" (2 தீமோத்தேயு 4:13). குளிருக்கு அங்கி வேண்டும், மனதுக்குப் புத்தகம் வேண்டும்.

புத்தகத்தின் வேலை என்ன என்பதற்கு அப்போஸ்தலர் 8-ஐப் பார்க்கிறேன். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாய்விட்டு வாசிக்கிறான். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்க, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறான் அவன். பிலிப்பு இரதத்தில் ஏறி உட்காருகிறார், அவன் வாசித்துக்கொண்டிருந்த வசனத்திலேயே தொடங்குகிறார், பிறகு காணாமற்போகிறார். மந்திரி சந்தோஷத்தோடே தன் வழியே போகிறான். நல்ல புத்தகம் இப்படித்தான் செய்யும். கூட ஏறும், விளக்கும், இறங்கிவிடும். வாசித்து முடித்ததும் வேதத்தைத் திறக்கவேண்டும் என்ற ஆசை வருகிறதா, அல்லது அதே ஆசிரியரின் அடுத்த புத்தகத்தைத் தேடுகிறீர்களா? எந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று இதைக்கொண்டே முடிவு செய்கிறேன்.

சோதித்துப் பார்க்கவும் தயங்காதீர்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; அதற்காக வேதம் அவர்களைப் புகழ்கிறது. புத்தகத்தில் மேற்கோள் காட்டிய வசனத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். ஆசிரியர் வசனத்தைப் பேசவிடுகிறாரா, தன் கருத்துக்கு அதை ஆணியாக அடிக்கிறாரா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: முதலில் வாசிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. பக்கத்துக்குப் பக்கம் வேதம் ஒலிக்கும். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) தமிழ்க் காப்பியச் சுவை தெரிந்தவர்களுக்கு விருந்து.

கேள்வி: கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் படுகிற வசனத்தை அன்றைய வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்வேன். தவறு என்கிறார்கள். பரிசுத்த அகஸ்டினும் அப்படித்தானே செய்தார்?

நல்ல கேள்வி. 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் "எடுத்து வாசி" என்ற குழந்தைக் குரல் கேட்டு, அகஸ்டின் பவுலின் நிருபங்களைத் திறந்தார். ரோமர் 13-இன் கடைசி வசனங்கள் அவர் வாழ்க்கையையே திருப்பின. ஆனால் அது அவர் முன்பின் பார்க்காத புத்தகம் அல்ல. அதற்கு முன்பிருந்தே பவுலை ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தார். உழுத நிலத்தில் விதை விழுந்தது.

தேவன் எந்த வழியிலும் பேச வல்லவர். ஆனாலும் இந்தப் பழக்கம் வசனத்தை அதன் வீட்டிலிருந்து பிரித்துவிடுகிறது. நாம் பார்க்கும் எண்களே பிற்காலத்தவை: அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் வந்தவை. எரேமியா 29:11 எத்தனை வீடுகளின் சுவரில் தொங்குகிறது! "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், காத்திருங்கள் என்கிறது. கேட்ட முதியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்து வாசிக்கும்போது வசனத்தின் பலம் குறையவில்லை. நீண்ட காத்திருப்பைத் தாங்கும் வசனமாகிறது.

கேள்வி: என் கணவர் போய் எட்டு மாதமாகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் ஓடுகின்றன. வாசிக்க முடியவில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது.

சகோதரி, முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். வாசிக்க முடியாத காலங்கள் விசுவாசிகளுக்கும் வரும்.

13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு தரம் கேட்கிறார். முடிந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். அது ஜெபம்தான். இன்னும் இருட்டாக இருக்கும் நாளில் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும்; இது திரும்புவதில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்ற முறையீட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதல் இல்லாத ஒரு ஜெபத்தையும் தேவன் தம் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். அதை நினைத்துத்தான் என் துக்க நாட்களில் நான் மூச்சுவிட்டேன்.

யாராவது ஒருவரை அருகில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் போதும். அழுகை வந்தால் நிறுத்திவிடலாம்.

கேள்வி: பன்னிரண்டு முறை வேதத்தை முழுவதும் வாசித்து முடித்திருக்கிறேன். ஆனால் என் கோபம் குறையவில்லை என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது உண்மை என்று எனக்கும் தெரியும்.

ஐயா, இந்தக் கேள்வியை எழுதியதற்கே தைரியம் வேண்டும்.

யாக்கோபு முதல் அதிகாரத்தில் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, போனதும் தன் சாயலை மறந்துவிடுகிறவன் ஒருவன் வருகிறான். அதிக அதிகாரம் வாசிக்கிற நாளில் அந்த ஆபத்தும் அதிகம். ஒரு வசனம் நம்மைத் தொடுவதற்குள் அடுத்ததற்குப் போய்விடலாம். நானும் அப்படி ஓடியிருக்கிறேன். என் தங்கையோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் மத்தேயு 5-ஐ எத்தனை முறை கடந்திருப்பேன்! ஒரு காலையில் "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மறுநாள் அடுத்த வசனத்துக்குப் போக மனம் துணியவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியை எடுத்தேன்.

பதின்மூன்றாம் முறையை இப்போது தொடங்காதீர்கள். ஒரு மாதத்துக்கு யாக்கோபு 1:19, 20 மட்டும் வாசியுங்கள். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்." காலையில் வாய்விட்டு வாசித்து, அன்று கோபம் வரக்கூடிய இடம் எது என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். தோற்றுப்போன நாளில் இரவே மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். இப்படிச் செய்யப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதம் முடிந்ததும் என்ன மாறியிருக்கிறது என்று அவரையே கேட்டு எனக்கு எழுதுங்கள்.