ஜெட் ஸ்கீ மிதவை மேடையில் ஏறியதும் என்ன செய்ய வேண்டும்?

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் பைக்) வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல வருடமாக இதே வண்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் மெக்கானிக்காக என் பதில்கள்.

கடலில் ஓட்டிவிட்டு மேடையில் ஏற்றியதும் ஹோஸ் மாட்டி ஃப்ளஷ் செய்கிறேன் (நல்ல தண்ணீர் விட்டு உள்ளே இருக்கும் உப்பைக் கழுவுகிறேன்). முதலில் தண்ணீரா, இன்ஜினா?

இன்ஜின். இதில் மட்டும் தப்பே நடக்கக் கூடாது. ஹோஸை மாட்டுங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள், உடனே குழாயைத் திறங்கள். முடிக்கும்போது அப்படியே தலைகீழ்: குழாயை மூடிய பிறகுதான் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது புகையே தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாதபோது குழாயைத் திறந்தால் எக்ஸாஸ்ட் நிறைந்து, தண்ணீர் பின்வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஒரு பண்ணை வீட்டில் காவலாளி குழாயைத் திறந்துவிட்டு போன் பேசப் போய்விட்டார். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் 'டக்'கென்று ஒரே சத்தம், அவ்வளவுதான். நான் போய் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தேன். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சி அடித்து என் சட்டை நனைந்தது. நல்ல காலம், கனெக்டிங் ராட் வளையவில்லை.

எவ்வளவு நேரம் என்றால், யமஹா வண்டிக்கு ஐடிலிங்கில் 3 நிமிடம் போதும். சீ-டூ கம்பெனி வண்டியை 2 நிமிடத்துக்கு மேல் மேடையில் ஓடவிடாதீர்கள். அதன் டிரைவ் ஷாஃப்ட் சீலை (ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் அடைப்பது)க் குளிரவைப்பது வண்டிக்கு வெளியே இருக்கும் தண்ணீர்தான். மேடையில் அது கிடையாது. குழாயை மூடியபின் 10 விநாடிக்குள் இரண்டு மூன்று முறை ஆக்ஸிலரேட்டரைத் தட்டி மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு நிறுத்துங்கள்.

அண்ணே, எங்கள் இடத்தில் போர் தண்ணீர்தான். பரவாயில்லையா?

நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் பல வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும். உப்பை உப்பால் கழுவி என்ன பயன்? லாரித் தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து, சின்ன மோட்டார் வைத்து ஹோஸுக்குக் கொடுங்கள். உயரம் குறைந்த தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பிரஷர் பத்தாது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் மட்டும் ஓட்டினாலும் ஃப்ளஷ் உண்டு. முகத்துவாரத்தில் மணல் அடைத்து நிற்கிற கோடையில் அந்தத் தண்ணீர் நன்றாகவே கரிக்கும்.

என்னுடையது சீ-டூ. இன்ஜினுக்குள் கூலன்ட்தானே சுற்றுகிறது, ஃப்ளஷ் எதற்கு?

இன்ஜினுக்குக் கூலன்ட், சரி. எக்ஸாஸ்டுக்குக் கடல் தண்ணீர்தான். உப்பு அங்கே படியும்.

மேடையில்தான் நிற்கிறது, ஆனாலும் பின்பக்கம் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிரி) ஒட்டுகிறது. எப்படி?

மேடையின் பின்கோடி தாழ்ந்திருக்கும். மேடையை மிதக்கவைக்கும் பிளாஸ்டிக் க்யூபில் எங்காவது விரிசல் விழுந்து தண்ணீர் புகுந்திருந்தாலும் அப்படித்தான். ஜெட் பம்ப் முனை தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், கொட்டலசு குடியேறிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தாதீர்கள், ஜெல் கோட் (வண்டியின் வெளிப்பூச்சு) போய்விடும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். பம்புக்குள் கை விடுவதற்கு முன் லேன்யார்டை (அது இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத பாதுகாப்புக் கயிறு) கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பில்ஜ் பிளக்கை (வண்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் ஓட்டையின் மூடி) கழற்றிவைக்கலாமா?

மேடையில் இருக்கும்வரை தாராளமாக, உள்ளே நிற்கும் தண்ணீர் வடியட்டும். ஆனால் திரும்ப மாட்ட மறந்துதான் வண்டிகள் மூழ்குகின்றன. தனியாகக் கழன்று வரும் பிளக் என்றால் அதைச் சாவிக் கயிற்றிலேயே கட்டிவிடுங்கள்.

இன்ஜின் அறையைப் பிரஷர் வாஷரால் அடிக்கலாமா?

வேண்டாம். வயர் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அப்புறம் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். மெல்லிய நீரில் அலசி, துடைத்து, துரு தடுக்கும் ஸ்ப்ரே அடியுங்கள். சீட்டைக் கொஞ்சம் தூக்கிவைத்தால் ஈரம் போகும். மழைக்காலத்தில் மட்டும் மேலே கூரை இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சீட்டுக்கு அடியில் தவளையே பார்த்திருக்கிறேன்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது.

ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் விட்டால் பேரிங்கெல்லாம் துரு ஏறிவிடும்.